எத்தனை தையல்னு கேட்டீங்க, என்ன நூல்னு கேட்டீங்களா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பைக் சறுக்கி, முழங்கால் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை தையல்?" நாலு என்றால் "ப்ச்". பதினாலு என்றால் "அடேங்கப்பா!" எண்ணிக்கை கூடினால் அடிபட்டவருக்கும் உள்ளூர ஒரு பெருமை. "என்ன நூல்ல போட்டாங்க?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அட, விஷயமே அங்கேதானே இருக்கு! ஒரே காயத்துக்கு ஒரு டாக்டர் ஆறு போடுவார், இன்னொருவர் நெருக்கி ஒன்பது போடுவார். எண்ணிக்கை அவரவர் கைப்பழக்கம். எந்த நூல், என்ன பருமன், எத்தனை நாள் பிடித்து நிற்க வேண்டும், வேலை முடிந்தபின் உடம்புக்குள்ளேயே இருக்கலாமா, கரைந்து தொலைய வேண்டுமா என்று ஒரு முழுக் கணக்கு அந்த ஒரு முழ நூலுக்குப் பின்னால் ஓடுகிறது. அதை எட்டிப்பார்க்கும் ஆசையில்தான் மலைமேல் ஒரு சிறிய மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் ரூமில் போய் நின்றேன். "ஆஸ்பத்திரி பேரைப் போடாதீங்க" என்பது அங்கிருந்த சிஸ்டரின் முதல் நிபந்தனை. "பாருங்க, ஆனா எதையும் தொடாதீங்க" என்பது இரண்டாவது.

அலமாரி திறந்தது. என்ன கலர், என்ன கலர்! ஊதா, கருநீலம், இளநீலம், வெளிர்பச்சை என்று கையடக்கமான அட்டைப்பெட்டிகள் வரிசை கட்டி நின்றன. ஊதா என்றால் விக்ரில். கருநீலம் புரோலின். இளநீலம் சில்க். வெளிர்பச்சை ஈதிலான், அதாவது நைலான். வெள்ளி நிறத்தில் பி.டி.எஸ். என்று ஒன்று உண்டு, அது இங்கே இல்லை, கீழே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். பெரிய கம்பெனி ஒன்று ஆரம்பித்து வைத்த கலர் வழக்கம் இது. மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய அதை ஒட்டியே போகின்றன. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது பெயரைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? கலரைப் பார்த்ததும் கை போய்விடும்.

ஒரு பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் அதன் முகத்தில் ஒரு ஜாதகமே அச்சாகியிருக்கிறது. பெரிதாக 3-0. பக்கத்தில் பிறை வடிவில் ஓர் ஊசிப் படம். அது சும்மா அலங்காரப் படம் இல்லை, உள்ளே இருக்கும் ஊசி அசலில் எவ்வளவோ அதே அளவில் அச்சிட்டது! ஊசியின் நீளம் 26 மி.மீ., நூலின் நீளம் 70 செ.மீ., வளைவு ஒரு வட்டத்தில் எட்டில் மூன்று பங்கு, கூடவே ஒரு குட்டி முக்கோணம். முக்கோணம் போட்டிருந்தால் கட்டிங் நீடில், ஓரம் வெட்டும், தடித்த தோலுக்கு. வட்டத்துக்குள் புள்ளி என்றால் ரவுண்ட் பாடி, குடல், தசை போன்ற மெத்தென்ற இடங்களுக்கு. அது வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழையும். அப்புறம் 2 என்ற எண்ணின் குறுக்கே ஒரு கோடு: இரண்டாம் முறை பயன்படுத்தாதே.

"த்ரீ-ஜீரோ, டூ-ஜீரோன்னா என்ன சிஸ்டர்?"

"ஜீரோ கூடக் கூட நூல் மெலிசு."

இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. ஆதியில் நூல்கள் எல்லாம் தடிதான். 1, 2, 3 என்று எண் ஏற ஏறப் பருமன் ஏறியது. பிறகு ஒன்றாம் எண்ணைவிட மெல்லிய நூல் வந்தது. சரி, பூஜ்யம் என்றார்கள். அதையும்விட மெல்லியது வந்ததும் இரண்டு பூஜ்யம். அப்புறம் மூன்று. இப்படிப் பூஜ்யத்தை அடுக்கிக்கொண்டே போய் இப்போது 11-0-ஐயும் தாண்டிவிட்டது. யூ.எஸ்.பி. எனப்படும் அமெரிக்க மருந்துத் தர நூல் 1937-ல் இந்த அளவுகளை முறைப்படுத்தியது. இன்று ஏற்காட்டுச் சிஸ்டரும் எடின்பரோ சிஸ்டரும் ஒரே பாஷை பேசுகிறார்கள். மில்லிமீட்டரில் சொன்னால் 2-0 நூலின் பருமன் 0.3-க்குச் சற்று மேல், 3-0 என்பது 0.2, 4-0 என்பது 0.15. 6-0-க்கு வந்தால் 0.07, கிட்டத்தட்ட நம் தலைமுடி. 10-0 வெறும் 0.02 மி.மீ. அதை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது பெரும்பாலும் ஊசியைத்தான்.

மலையில் அதிகம் செலவாவது நடுத்தரப் பருமன்கள். காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி விரலில் பட்டால் 4-0 நைலான். வழுக்கிப் பாறையில் தலை மோதினால் 3-0 அல்லது 2-0. தலைத்தோல் கெட்டி, ரத்தமும் நிறைய வரும், இழுத்துப் பிடிக்க வேண்டும். முகம் என்றால் 5-0, 6-0, அதுவும் ஐந்தாம் நாளே பிரித்துவிடுவார்கள். விட்டால் ஏணிப்படித் தழும்பு விழுந்துவிடும். தலைக்கு ஒரு வாரத்துக்கு மேல். கை காலுக்குப் பத்திலிருந்து பதினாலு நாள். மூட்டுக்கு மேலே என்றால் பதினாலே சரி.

தையல் பிரித்ததும் "சரியாப்போச்சு" என்று மறுநாளே காப்பி மூட்டை தூக்கப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் சிஸ்டருக்கு ரத்தக் கொதிப்பு. தையல் பிரிக்கிற நாளில் அந்தத் தோல் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்காது. எத்தனை வருஷம் போனாலும் முழுப் பலம் திரும்பாது, சுமார் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இனி என் செல்ல விஷயத்துக்கு வருகிறேன்: பட்டு!

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்ட்டில் போட்டோ எடுத்து, ரோஜாத் தோட்டத்துக்குப் போவார்கள். அதையொட்டியே அரசுப் பட்டுப்பண்ணை. மல்பெரி இலையைப் புழு கரகரவென்று தின்னும் சத்தத்தைக் குழந்தைகள் காதை வைத்துக் கேட்கும். அதே வேகத்தில் வெளியே வந்து சோளக்கதிர் வாங்கப் போய்விடும். தமிழ்நாட்டின் பட்டு வளர்ச்சித் துறைக்குத் தலைமையகம்கூடச் சென்னையில் இல்லை, மலைக்குக் கீழே சேலத்தில்தான். இந்த ஊர்ப் புழு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறது என்று நான் அளக்கவில்லை. இங்கே பட்டு என்றால் சேலையும் வெண்பட்டு வேட்டியும்தான். ஆனால் அலமாரியில் இளநீலப் பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு நூலும் இதே பாம்பிக்ஸ் மோரி இனத்துப் புழு கக்கியதே.

புழு முட்டையிலிருந்து வந்து நான்கு முறை தோலுரித்து, ஒரு மாதத்துக்குள் எடையில் சுமார் பத்தாயிரம் மடங்கு ஏறிவிடும். பிறகு சந்திரிகையில் ஏற்றிவிட்டால் தலையை எட்டுப் போட்டு ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்துவிடும். ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும், அறுபடாத ஒற்றை இழை. அந்த இழையின் பருமன் என்ன தெரியுமா? சுமார் 0.02 மி.மீ. நம் 10-0! தொழிற்சாலைகள் மைக்ரோஸ்கோப் வைத்து அடைகிற அளவை இந்தப் புழு இலையைத் தின்றுவிட்டு ஓசையில்லாமல் நூற்றுவிடுகிறது. உண்மையில் அது இரட்டை இழை. செரிசின் என்ற பசை இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறது. சேலைக்கானாலும் தையலுக்கானாலும் முதலில் அந்தப் பசையைக் கொதிக்க வைத்து நீக்குவார்கள். தையல் நூலுக்கு அதன்பின் இழைகளைச் சேர்த்துப் பின்னி, கறுப்புச் சாயம் ஏற்றி, மெழுகோ சிலிக்கோனோ பூசுவார்கள். கறுப்பு எதற்கு? ரத்தத்துக்கு நடுவே கண்ணுக்குத் தெரிவதற்கு. இதிலும் ஒரு விதிவிலக்கு: கண் அறுவைக்காகப் பசை நீக்காத 'கன்னிப் பட்டு' நூல் ஒன்று உண்டு. சில இழைகளை அவற்றின் சொந்தப் பசையாலேயே ஒட்டி, 8-0, 9-0 அளவில் செய்கிறார்கள்.

சர்ஜன்களிடம் சில்க்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முகமே மலரும். சொன்னபடி வளையும், முடிச்சுப் போட்டால் அப்படியே உட்காரும், மூன்று முடிச்சு போதும். நைலானும் புரோலினும் அப்படியா? பொட்டலத்தில் சுருண்டிருந்த ஞாபகத்தை விடாமல் கம்பிச்சுருளாக எகிறும், ஐந்தாறு முடிச்சுப் போட்டால்தான் அடங்கும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒரு துண்டு சில்க்கை வெள்ளைக் கோட்டின் பொத்தான் துளையில் கட்டிக்கொண்டு, லெக்சர் நடக்கும்போதே ஒற்றைக் கையால் முடிச்சுப் பழகுவார்கள். மேஜை இழுப்பறைக் கைப்பிடி, நாற்காலி முதுகு, எதுவும் தப்பாது. ஊசி பழக ஆரஞ்சுத் தோல்.

பட்டிலேயே ஊசிப்பழக்கம் பிடித்து நோபல் பரிசு வரைக்கும் போன ஒருவர் இருக்கிறார்! 1894-ல் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோவை லியோன் நகரில் குத்திவிட்டார்கள். ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. அன்றைக்கு ரத்தக்குழாயைத் தைக்க எந்த சர்ஜனுக்கும் தைரியம் கிடையாது, கார்னோ இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவ மாணவராக இருந்த அலெக்சிஸ் காரெலுக்கு இது ஆறவே இல்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பூத்தையல் போடும் லெருதியே என்ற அம்மாளிடம் போய் மெல்லிய ஊசி பிடிக்கப் பாடம் கேட்டார். வாஸலின் தடவிய மெல்லிய பட்டு நூலால் ரத்தக்குழாயின் வாயை முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1912-ல் மருத்துவ நோபல். அந்த அம்மாளுக்கும் பாதிப் பரிசு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

சில்க்குக்குக் குறையே இல்லையா? உண்டு. பின்னிய நூல் விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல ஈரத்தையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதனால் சீழ் பிடிக்கிற காயத்தில் சில்க் கூடாது, ஒற்றை இழை நைலான்தான். இன்னொரு வேடிக்கை: 'கரையாத நூல்' என்ற பட்டியலில் சில்க் இருக்கிறது. ஆனால் உள்ளே விட்டால் ஒரு வருஷத்தில் பலம் போய்விடும், இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் பெரும்பாலும் ஆளே இருக்காது.

கரைகிற நூல்களின் தாத்தா கேட்கட். பெயரில் 'கேட்' இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆட்டுக்குடலின் உள்ளடுக்கிலிருந்தோ மாட்டுக்குடலின் மேலுறையிலிருந்தோ செய்வது. சிஸ்டர் காலாவதியான ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் காட்டினார். குப்பென்று ஸ்பிரிட் வாசனை! காய்ந்தால் முறியும் என்பதால் ஆல்கஹால் திரவத்தில் நனைத்தே அடைக்கிறார்கள். நூல் பழுப்பு மஞ்சளில், விறைப்பாக, மடிப்பு கலையாமல் நின்றது. சாதாக் கேட்கட் ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். குரோமியம் உப்பில் பதப்படுத்திய குரோமிக் இரண்டு வாரத்தைத் தாண்டும். கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்த கேட்கட்டை 1860-களின் இறுதியில் ஜோசப் லிஸ்டர் பிரபலமாக்கினார். மாட்டுப் பித்து நோய் பயத்தில் ஐரோப்பா 2000-களின் தொடக்கத்தில் இதைக் கைவிட்டது. நம் ஊரில் விலை மலிவு, இன்னும் ஓடுகிறது.

கேட்கட்டை உடம்பு ஜீரணித்துவிடுகிறது. எப்போது, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், காயத்தில் சீழ் வைத்தால் சீக்கிரமே போய்விடும். இங்கேதான் ஊதாப் பெட்டி விக்ரில் 1974-ல் உள்ளே நுழைந்தது. கிளைகோலிக் அமிலம் 90 பங்கு, லாக்டிக் அமிலம் 10 பங்கு சேர்ந்த பாலிமர். இதை உடம்பு ஜீரணிப்பதில்லை, உடம்பின் தண்ணீரே சங்கிலியை அறுத்துவிடுகிறது. அதனால் கணக்குப் பிசகாது: இரண்டு வாரத்தில் முக்கால் பலம், மூன்று வாரத்தில் பாதி, நாலு வாரத்தில் கால். பத்து வாரத்துக்குள் நூலே காணோம். தண்ணீர்தான் எமன் என்பதால் பொட்டலத்துக்குள் ஈரம் எட்டிப்பார்க்கக் கூடாது. அதற்குத்தான் அலுமினியத் தாள் உறை. பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள் வந்து உட்காருகிற இந்த ஊரில் உறை கிழிந்த விக்ரிலை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எடுத்து வைக்க முடியாது.

ஒரு சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது ஒரு கோடு. உள்ளே மாடி மாடியாக வேறு வேறு நூல். கர்ப்பப்பைக்கு 1 நம்பர் விக்ரில் அல்லது குரோமிக். அது சீக்கிரம் ஆறும், சீக்கிரம் சுருங்கும். அதற்கு மேலே வயிற்றின் பலமெல்லாம் தாங்கும் வெண்படலம், ஆற மாதக்கணக்கில் ஆகும். அங்கே நின்று பிடிக்கிற நூல் வேண்டும். தோலுக்கு அடியில் ஓடுகிற 3-0 தையல் கரைந்துவிடும். "தானா கரைஞ்சிடும், பிரிக்கவே வேணாம்" என்று வீட்டில் சொல்வது இந்தக் கடைசி அடுக்கை மட்டும்தான். வயிற்றை நீளவாக்கில் திறந்து மூடுவதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1976-ல் ஜென்கின்ஸ் என்ற சர்ஜன் சொன்னது: காயம் ஒரு பங்கு நீளம் என்றால் நூல் நாலு பங்காவது செலவாக வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் பின்னால் இருமும்போது பிரியும்.

கருநீலப் பெட்டி புரோலினுக்கு வயதே ஆகாது. இதயத்தின் ரத்தக்குழாய்களை ஒட்டுப்போட 7-0, 8-0 புரோலின். அந்த இதயத்தை மூடிய மார்பெலும்பை இழுத்துக் கட்டவோ சுத்தமான ஸ்டீல் கம்பி! இப்படி இதயக் குழாயை ஒட்டுப்போடும் பைபாஸ் அறுவையை இந்தியாவில் முதன்முதலில் 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த ஊசிக்குக் காதே இல்லை. நூலின் முனையை ஊசியின் வால் அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. எடின்பரோ மருந்தாளர் ஜார்ஜ் மெர்சன் 1920-களில் இதைப் பரப்பினார். காதுள்ள ஊசி இரட்டை நூலை இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஓட்டை போடும், இது போடாது. ஆனால் நம் ஊரில் காது ஊசி நீண்ட காலம் ஓடியது. "பார்பர் த்ரெட்" என்றால் பழைய தியேட்டர் சிஸ்டர்கள் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார்கள். வட அயர்லாந்து லிஸ்பர்ன் ஊர் பார்பர் கம்பெனியின் லினன் நூல் அது. ஷூ தைக்கிற நூலுக்குப் பேர்போன கம்பெனி. கண்டிலிருந்து வெட்டி, ஆட்டோகிளேவில் போட்டு, ஊசியில் கோத்து நீட்டியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மாத்திரையோடு தையல் நூலும் அந்த வழியாகவே வருகிறது.

தமிழ்நாட்டிலேயே நூல் செய்கிறார்களா? செய்கிறார்கள், அதுவும் மெல்லிய ரகத்தில்! ரூமட்டாய்டு மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தொழிற்கூடமான ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்வதற்காக வந்தது, பிறகு கண் அறுவைத் தையல் நூலையும் எடுத்துக்கொண்டது. கருவிழி மாற்று அறுவையில் 10-0 நைலானால் சுற்றிலும் பொதுவாகப் பதினாறு தையல். முடிச்சுகளைக்கூடத் திசுவுக்குள் இழுத்துப் புதைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒவ்வோர் இமைப்புக்கும் உறுத்தும்.

அலமாரியை மூடும்போது வெளியே சத்தம். ஏரிக்கரையில் குரங்கு கடித்துவிட்டது என்று ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கையில் கிழிசல் வாய் பிளந்திருந்தது. "எத்தனை தையல் வரும்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் கிடையாதுங்க. குழாயடிக்குக் கூட்டிட்டு வாங்க."

சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவல். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். கடித்த காயத்தை அவசரப்பட்டுத் தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தைத்தே தீர வேண்டிய அளவுக்குப் பெரிய காயம் என்றால்தான், அதுவும் அந்த மருந்து போட்டபின், ஒன்றிரண்டு தளர்வான தையல். இத்தனை கலரில் இத்தனை நூல் இருந்தும் அன்றைக்கு ஒரு பொட்டலமும் கிழியவில்லை. அப்பாவுக்கோ தாங்கவே இல்லை. "ஒரு தையலாவது போடுங்க சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவர் சட்டைப்பையில் அப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.